ஆக்சிஜன் இல்லாத ஆதிக்கடலில் நைட்ரஜன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் புத்தகத்தில் வரும் நைட்ரஜன் சுழற்சிப் படம் நினைவிருக்கும். ஒரு மாடு, ஒரு மரம், மேலே ஒரு மின்னல், இவற்றைச் சுற்றி அம்புக்குறிகள். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 300 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலைப் பார்க்கப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். மாடும் மரமும் அப்போது இல்லை என்பது பெரிய விஷயமல்ல. அம்புக்குறிகளிலேயே பாதி அப்போது இல்லை. எவை இருந்தன, எவை இல்லை, இல்லாதவை எப்படி வந்தன என்பதைப் பற்றித்தான் கீழே உள்ள கேள்விகள் எல்லாம்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். 400 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 250 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த நெடிய காலத்தை ஆர்க்கியன் என்று புவியியலாளர்கள் அழைக்கிறார்கள். காற்றில் ஆக்சிஜன் நிலையாகத் தங்கத் தொடங்கியது அதற்கும் பின்னால், ஏறத்தாழ 240 முதல் 230 கோடி ஆண்டுகளுக்கு முன். பூமியின் வரலாற்றில் கிட்டத்தட்ட முதல் பாதி, மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாமலேயே கழிந்திருக்கிறது. உயிர் அந்தப் பாதியிலேயே தோன்றிப் பரவிவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், நுண்ணுயிரிப் படலங்கள் அடுக்கடுக்காகக் கட்டியெழுப்பிய ஸ்ட்ரோமட்டோலைட் பாறைகள் ஏறத்தாழ 348 கோடி ஆண்டுப் பழமையானவை.

அந்தக் கடலில் என்னதான் கரைந்திருந்தது?

முதலில் இரும்பு. இன்றைய கடல்நீரில் இரும்பு மிக அரிது; ஆக்சிஜன் பட்டதும் துருவாகிப் படிந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்தபடியே இருக்கும். கடலடி வெந்நீர் ஊற்றுகள் கொட்டிய இரும்பு கடல் முழுவதும் பரவியிருந்தது. சல்பேட் மிகக் குறைவு. நைட்ரேட் அநேகமாக இல்லை. நைட்ரஜன் சேர்மங்களில் நிலைத்து நிற்கக்கூடியதாக இருந்தது அம்மோனியம் ஒன்றுதான்.

காற்று முழுக்க நைட்ரஜன்தானே? உயிர்களுக்குப் பஞ்சம் எப்படி வரும்?

இன்றைய காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் அது இரண்டிரண்டு அணுக்களாக மூன்று பிணைப்புகளால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பூட்டை உடைக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். உர ஆலைகளில் இதைச் செய்ய 400 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப் போல் 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் தேவைப்படுகின்றன. புரதம், டி.என்.ஏ. எதைக் கட்டவும் நைட்ரஜன் வேண்டும். அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ வராத நைட்ரஜனைப் பெரும்பாலான உயிர்களால் தொடக்கூட முடியாது. பயிருக்குத் தழைச்சத்து இல்லை என்று உழவர் யூரியா மூட்டை தூக்கும்போது, வயலுக்கு மேலே நிற்கும் காற்றில் டன் டன்னாக அதே நைட்ரஜன் சும்மா நிற்கிறது.

உயிர்கள் அந்தப் பூட்டைத் திறக்கக் கற்கும் முன் யார் திறந்தார்கள்?

மின்னல். நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்த காற்றில் மின்னல் வெட்டினால் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகும். அது மழையோடு நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் கடலில் இறங்கும். கடலில் கரைந்திருந்த இரும்பு அதில் ஒரு பகுதியை அம்மோனியமாக மாற்றியிருக்கும். இந்த வினை ஆய்வகத்தில் செய்து பார்க்கப்பட்டதுதான். எரிமலைகளின் வெப்பமும் கொஞ்சம் உதவியிருக்கும்.

ஆனால் இந்தக் கூலி போதாது. இன்று உலகம் முழுவதிலும் மின்னல் பிணைத்துத் தரும் நைட்ரஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன். கடல் நுண்ணுயிரிகள் தருவதோ 10 கோடி டன்னுக்கும் மேல். மின்னலை மட்டும் நம்பியிருந்தால் ஆதிக்கடலின் உயிர்க்கூட்டம் மிக மெலிந்ததாகவே இருந்திருக்கும். ஒரு காலத்தில் பல ஆய்வாளர்கள் அப்படித்தான் நினைத்தார்கள்.

நுண்ணுயிரிகள் எப்போது கற்றுக்கொண்டன? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நொதி கல்லாக உறைவதில்லை. நுண்ணுயிரியின் உருவம் பாறையில் கிடைத்தாலும் அது என்ன வேலை பார்த்தது என்று உருவம் சொல்லாது. சாட்சி சொல்வது ஐசோடோப்புகள்தாம், அதாவது ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்.

நைட்ரஜனில் எடை 14 உள்ள அணுக்களே ஏறக்குறைய எல்லாம். எடை 15 உள்ளவை 0.37 விழுக்காடு மட்டும். ஒவ்வொரு உயிர்வேதிச் செயலும் இந்த இரண்டில் இலேசானதைக் கொஞ்சம் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கும். எவ்வளவு கூடுதலாக என்பது செயலுக்குச் செயல் மாறும். செத்த நுண்ணுயிரிகள் சேற்றில் புதையும்போது அந்த விகிதமும் புதைகிறது. அம்மோனியம் அயனி பொட்டாசியம் அயனியைப் போன்ற அளவுடையது. களிமண் தாதுக்களுக்குள் பொட்டாசியத்தின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ளும். அப்படித்தான் பாறைக்குள் நைட்ரஜன் நூறு நூறு கோடி ஆண்டுகள் தங்குகிறது.

2015இல் ஈவா ஸ்டூக்கன், ராஜர் பியூக் முதலிய வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வடமேற்கு ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எடுத்த 52 பாறை மாதிரிகள். வயது 275 முதல் 320 கோடி ஆண்டுகள். காற்றிலுள்ள நைட்ரஜனின் விகிதத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு ஒப்பிடுவது வழக்கம். இந்தப் பாறைகளின் அளவு அந்தச் சுழியத்தை ஒட்டியே இருந்தது. மாலிப்டினம் என்ற உலோகத்தைக் கொண்ட நைட்ரஜனேஸ் என்ற நொதி காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்தால் கிட்டத்தட்ட அந்த அளவுதான் வரும். இரும்பை மட்டும் கொண்ட மாற்று நொதியோ வனேடியம் நொதியோ வேலை செய்திருந்தால், ஆயிரத்தில் 6 முதல் 8 பங்கு வரை கீழே இறங்கியிருக்கும்.

ஆகவே 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, காற்றில் ஆக்சிஜன் வர இன்னும் 80 கோடி ஆண்டுகள் இருக்கும்போதே, நுண்ணுயிரிகள் இந்தப் பூட்டைத் திறந்துவிட்டன. சாவியும் இன்றைய சாவிதான்.

மாலிப்டினம் அப்போது கடலில் இருந்ததா?

சரியான இடத்தில் கை வைக்கிறீர்கள். இன்றைய கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் மாலிப்டினம் உண்டு. அது நிலத்துப் பாறைகளை ஆக்சிஜன் அரித்து ஆறுகள் கொண்டுவந்தது. ஆக்சிஜன் இல்லாத உலகில் அந்த வரத்து இல்லை. ஆர்க்கியன் கடலில் மாலிப்டினம் மிகவும் குறைவு. இரும்போ கொள்ளை கொள்ளையாக இருந்தது. அப்படியானால் இரும்பு நொதிதான் முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள்.

மரபணு வரலாறு வேறு கதை சொல்கிறது. இரும்பு நொதியும் வனேடியம் நொதியும் மாலிப்டினம் நொதியிலிருந்து கிளைத்தவையாகத் தெரிகின்றன. இன்று மாற்று நொதி வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லா நுண்ணுயிரிகளும் மாலிப்டினம் நொதியையும் கூடவே வைத்திருக்கின்றன. மாலிப்டினம் கிடைக்காதபோது மட்டும் மாற்றை எடுக்கின்றன. மாலிப்டினம் நொதி சிக்கனமானது என்பது காரணமாக இருக்கலாம். அதற்கே ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. 16 செலவு, மற்றவற்றுக்கு அதைவிடக் கூடுதல். அரிதான உலோகமானாலும் தேடிப் பிடித்து வைத்துக்கொள்வது இலாபமாக இருந்திருக்கும். வெந்நீர் ஊற்றுகளின் அருகில் அது கொஞ்சம் கிடைத்திருக்கவும் கூடும்.

கடல் முழுவதும் அம்மோனியா என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்திருக்குமா?

இல்லை. நடுநிலையை ஒட்டிய நீரில் அம்மோனியா அம்மோனியம் அயனியாகவே இருக்கும். அயனிக்கு வாசனை கிடையாது. காற்றில் தப்பிச் சென்ற சிறிதளவையும் புற ஊதாக் கதிர் சிதைத்திருக்கும்.

அங்கே யார் யார் குடியிருந்தார்கள்?

மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவைப் போலத் தெரியும், ஆனால் தனி வகையான நுண்ணுயிரிகள்) இருந்தன. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் வைத்துப் பிழைப்பவை அவை. அந்த வகையில் ஒன்று பசிபிக் பெருங்கடலின் ஹுவான் டி ஃபூகா மேட்டில், கடலடி எரிமலை ஊற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 92 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் அது நைட்ரஜனை நிலைப்படுத்துகிறது என்று 2006இல் மௌஸ்மி மேத்தாவும் ஜான் பாரோசும் காட்டினார்கள். நைட்ரஜனேஸ் நொதி வெந்நீரில் வாழும் ஆர்க்கியாக்களிடம் தொடங்கியிருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

ஒளி எட்டிய மேல்நீரில் இன்னொரு கூட்டம். இவை தண்ணீரைப் பிளக்காமல், கரைந்த இரும்பிலிருந்து எலக்ட்ரானைப் பறித்து ஒளிச்சேர்க்கை செய்தவை. இவற்றின் கழிவு ஆக்சிஜன் அல்ல, துரு. உலகின் பெரும் இரும்புத் தாது அடுக்குகளில் ஒரு பங்கு இவற்றின் கைவேலையாக இருக்கலாம். தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியேற்றும் சயனோபாக்டீரியா எப்போது தோன்றியது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, சுழற்சிப் படத்தில் எந்த அம்புகள் இல்லை?

காற்றிலிருந்து உயிருக்கு வரும் அம்பு இருந்தது. செத்த உயிர் அழுகி அம்மோனியம் வெளியாகும் அம்பு இருந்தது. அந்த அம்மோனியத்தை அடுத்த நுண்ணுயிரி எடுத்துக்கொள்ளும் அம்பும் இருந்தது. இல்லாதவை, அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் அம்பும் நைட்ரேட்டை மறுபடி காற்று நைட்ரஜனாக்கும் அம்பும். முதலாவதைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் இல்லாமல் கை ஓடாது. முதலாவது இல்லையென்றால் இரண்டாவதற்கு மூலப்பொருள் இல்லை. மின்னல் தந்த சொற்ப நைட்ரேட் மட்டும்தான்.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத கடல் நைட்ரஜனைப் பொறுத்தவரை ஓட்டையில்லாப் பானை. ஒருமுறை பிணைக்கப்பட்ட நைட்ரஜன் கடலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சேற்றில் புதைவதுதான் பெரிய இழப்பு. ஆதிக்கடலை வறண்ட, பசித்த இடமாக வருணிக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் இதுதான். பசி இருந்திருக்கலாம், பாஸ்பரஸ் பசி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. நைட்ரஜன் பசி என்று சொல்வதற்குத்தான் ஆதாரம் மெலிந்துவிட்டது.

ஆக்சிஜன் வந்ததும் நிலைமை மேம்பட்டிருக்குமே?

முதலில் மோசமானது என்பதுதான் வேடிக்கை. பானையில் ஓட்டை போட்டதே ஆக்சிஜன்.

நஞ்சை வயலில் இது கண்ணெதிரே நடக்கிறது. தேங்கிய நீருக்கு அடியில் மேற்சேறு மட்டும், மெல்லிய அளவுக்கு, ஆக்சிஜன் படும். அங்கே யூரியாவின் அம்மோனியம் நைட்ரேட்டாகும். நைட்ரேட் ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றுக்கு இறங்கும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைச் சுவாசித்துக் காற்றாக்கிவிடும். போட்ட உரம் குமிழியாகப் போய்விடுகிறது. யூரியாவை மேலே தூவாமல் ஆழத்தில் வைக்கச் சொல்வதன் காரணமும் இதுவே. ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை, அம்மோனியம் அம்மோனியமாகவே கிடக்கும். கவனியுங்கள்: முழுக்க ஆக்சிஜன் இருந்தாலும் இழப்புக் குறைவு, அறவே இல்லாவிட்டாலும் இழப்புக் குறைவு. இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில்தான் கசிவு. ஆர்க்கியன் காலத்தின் இறுதியில் கடல் முழுவதும் அப்படியொரு வயலாகத் தொடங்கியது.

இதற்குப் பாறைச் சாட்சி மேற்கு ஆஸ்திரேலியாவின் மெக்ரே மலைக் களிப்பாறை. வயது 250 கோடி ஆண்டுகள். 2009இல் ஜெசிகா கார்வின் குழு ‘சயின்ஸ்’ இதழில் எழுதியபடி, ஏறத்தாழ 30 மீட்டர் கனத்துக்குள் நைட்ரஜன் ஐசோடோப்பு அளவு ஆயிரத்தில் 1இலிருந்து 7.5 வரை ஏறி, மறுபடி 2.5க்கு இறங்குகிறது. நைட்ரேட் உண்டாகி அதில் ஒரு பங்கு காற்றாக வெளியேறினால், இலேசான நைட்ரஜன் முந்திக்கொண்டு ஓடிவிடும், கனமானது கடலில் மிஞ்சும். ஏற்றத்தின் பொருள் அதுதான். ஆக்சிஜன் நிலையாகத் தங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அதே ஆண்டில் லிண்டா காட்ஃப்ரேயும் பால் ஃபால்கோவ்ஸ்கியும் தென்னாப்பிரிக்கப் பாறைகளை வைத்து ஒரு படி மேலே போனார்கள். ஆக்சிஜன் தலைகாட்டியதும் நைட்ரஜன் கசியும். நைட்ரஜன் குறைந்தால் சயனோபாக்டீரியாவின் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் ஆக்சிஜனும் குறையும். காற்றில் ஆக்சிஜன் நிலைபெற இத்தனை காலம் பிடித்ததற்கு இந்த இழுபறியும் ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் வாதம். எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல, ஆனால் கூர்மையான வாதம்.

ஆக்சிஜனே இல்லாமல் அம்மோனியத்தைக் காற்றாக்கும் பாக்டீரியாவும் உண்டாமே?

உண்டு, அனமாக்ஸ் பாக்டீரியா. 1977இல் ஆஸ்திரிய வேதியியலாளர் எங்கல்பெர்ட் புரோடா, வெறும் ஆற்றல் கணக்கைப் போட்டுப் பார்த்து, இப்படியொரு உயிரி இருக்க வேண்டும் என்றார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு கழிவுநீர்த் தொட்டியில் அது பிடிபட்டது. ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைத் தன் உடலுக்குள் இடைப்பொருளாகத் தயாரிக்கும். பெருகுவதோ மிக மெதுவாக, இரட்டிப்பாக ஒன்றிரண்டு வாரங்கள்கூட ஆகும்.

ஆனால் இது நம் பானையை உடைத்துவிடாது. அனமாக்சுக்கு நைட்ரைட் வேண்டும். நைட்ரைட் பெருமளவில் கிடைக்க எங்கோ ஓரிடத்தில் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். இரும்புத் துருவை வைத்தே அம்மோனியத்தை எரிக்கும் வழியும் சில மண்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆதிக்கடலில் அதன் பங்கு எவ்வளவு என்பது விவாதத்தில் இருக்கிறது.

நைட்ரஜனேஸ் இன்றைய ஆக்சிஜன் உலகில் எப்படிப் பிழைக்கிறது?

ஒளிந்து பிழைக்கிறது. நொதியின் இரு பகுதிகளில் ஒன்று காற்றுப் பட்டால் நொடிக்கணக்கில் கெட்டுவிடும், மற்றது நிமிடக்கணக்கில். 300 கோடி ஆண்டுகள் ஆகியும் இந்தக் குறை நீங்கவில்லை. ஆகவே அதை வைத்திருக்கும் ஒவ்வொரு உயிரியும் தனக்குள் ஒரு துளி ஆதிக்கடலைக் கட்டிக் காக்கிறது.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அது. ஆக்சிஜனைப் பிடித்து அளந்து விடுவது அதன் வேலை. நெல்வயலில் விடும் அசோலாவின் இலைக் குழிக்குள் வாழும் சயனோபாக்டீரியா, நைட்ரஜன் வேலைக்கென்றே தடித்த சுவர் கொண்ட தனிச் செல்களை ஒதுக்குகிறது.

ஆதிக்கடலைப் போன்ற நீர் இன்று எங்கே இருக்கிறது?

முழுமையாக எங்கும் இல்லை. கருங்கடல் 2,200 மீட்டர் ஆழம் வரை போகிறது. ஏறத்தாழ 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே நைட்ரேட் காணாமல் போய் அம்மோனியம் குவிந்திருக்கிறது, எதிர்பார்த்தபடியே. ஆனால் அங்கே கந்தகம் ஆட்சி செய்கிறது, இரும்பு அல்ல. இரும்பு வேண்டுமென்றால் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள மட்டானோ ஏரி, அல்லது காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிவு ஏரியை ஒட்டிய கபூனோ விரிகுடா. கபூனோவில் பாக்டீரியாக்கள் கரைந்த இரும்பைக் கொண்டு நைட்ரேட்டைக் குறைப்பதையும், அதில் ஒரு பங்கு காற்றாகாமல் அம்மோனியமாகத் திரும்புவதையும் 2017இல் அளந்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வந்த பிறகும் இரும்பு நிறைந்த கடல்களில் கசிவு நாம் நினைத்த அளவு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அந்த அளவீடு யோசிக்க வைக்கிறது.

வங்கக் கடலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அரபிக்கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் அறவே தீர்ந்த பெரும் பகுதி இருக்கிறது. உலகக் கடல்கள் நைட்ரஜனை இழக்கும் முக்கிய இடங்களில் அது ஒன்று. வங்கக் கடலின் நடு ஆழமும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆனாலும் அங்கே நைட்ரஜன் பெரிதாகக் கசிவதில்லை. பல காலம் புதிராக இருந்த இதற்கு 2017இல் விடை கிடைத்தது: சாதாரணக் கருவிகளுக்கு எட்டாத நானோமோலார் அளவில் அங்கே ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. கசிவுக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் அங்கே இருக்கின்றன. அந்தத் துளி ஆக்சிஜன் நைட்ரைட்டை மறுபடி நைட்ரேட்டாக்கிவிடுவதால் அவற்றுக்கு நைட்ரைட் கிடைப்பதில்லை. அந்தத் துளியும் தீர்ந்தால் வங்கக் கடலும் அரபிக்கடலைப் போலக் கசியத் தொடங்கும்.

அந்தக் காலத்துக் கல் எதையாவது தமிழ்நாட்டில் தொட்டுப் பார்க்க முடியுமா?

சேலத்துக்கு அருகில் கஞ்சமலை. கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரியும் அந்தப் பாறை, ஆர்க்கியன் காலக் கடலடியில் படிந்த இரும்புப் படிவு. பின்னால் பூமிக்குள் ஆழமாகப் புதைந்து கடுமையாக வெந்துவிட்டதால், பில்பராப் பாறைகள் போல நைட்ரஜன் கதை சொல்லும் நிலையில் அது இல்லை. இரும்பு மட்டும் காந்தத்தாதுவாக மாறி அப்படியே நிற்கிறது. போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கறுப்பு வரியில் ஒட்டிக்கொள்ளும்.